பல்கு ராசாவும் பலெர்மோவின் மூன்று மாதுளை மரங்களும்

1998 ஒக்டோபர் கடைசியில் ஆறு நாள் பலெர்மோவில் இருந்தேன். போனதற்குக் காரணம் இரண்டு. பாரிஸில் என்னோடு பாத்திரம் கழுவுகிற துனீசியன் ஒருவன், அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தின் வாசல் தூணில் இன்னும் குர்ஆன் வசனம் செதுக்கியபடி இருக்கிறது என்று சொல்லியிருந்தான். சிசிலியை ஒரு காலத்தில் அரபுகள் ஆண்டார்கள், பலெர்மோதான் அவர்களுடைய தலைநகர். போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் கிடந்தது.

இரண்டாவது காரணம் கேதீஸ். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் முன்வீடு, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. இப்போது பலெர்மோவில் எண்பத்து நாலு வயதுக் கிழவி ஒருவரின் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்கிறான்; முதலாளியம்மாவை இத்தாலிக்காரர் மாதிரி சிஞ்ஞோரா என்றுதான் சொல்லுவான். அவனிடம் பேப்பர் இல்லை. மார்ச் மாதத்துக்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட, பேப்பர் இல்லாதவர்களுக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது தங்குவதற்கான அனுமதி, கொடுப்பதாக இத்தாலி அந்த ஒக்டோபரில் அறிவித்திருந்தது. அதற்கு வேலை கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும்; இத்தனையாம் மாதத்திலிருந்து இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று அவர் எழுதித் தர வேண்டும். கேதீஸ் கடிதம் போட்டிருந்தான்: “சிஞ்ஞோராவுக்கு பிரெஞ்சு தெரியும். நீ வந்து பக்கத்திலை நிண்டாக் காணும்.”

பாரிஸிலிருந்து போகிறவர்களுக்கு வழி. மாலை ஏழு மணிக்கு ரெயில் எடுத்தால் மறுநாள் காலை பத்துக்கு ரோம். படுக்கையோடு 640 பிராங்க். ரோமில் பத்து மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும். ஸ்ரேசனில் பையை வைக்க 5000 லீரா. பலெர்மோ ரெயில் இரவு எட்டரைக்கு, 74,000 லீரா. நித்திரை கொள்ளுங்கள், ஆனால் விடியப்புறம் எழும்பிவிடுங்கள். கடலோரத்தில் ரெயிலை இரண்டாக வெட்டி, பெட்டி பெட்டியாகக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். பெட்டிக்குள் இருந்தபடியே மூன்று கிலோமீற்றர் கடலைக் கடக்கலாம். மேல்தட்டுக்கு ஏறிப் போய் ஒரு சோற்று உருண்டை வாங்கிச் சாப்பிடலாம், 2500 லீரா. உள்ளே இறைச்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காலை எட்டு இருபதுக்குப் பலெர்மோ.

கேதீஸ் ஸ்ரேசனுக்கு வரவில்லை, வேலை. அவனுடைய அறையில் இருக்கும் இன்னொருவர் வந்து கூட்டிப் போனார். வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், ஒரு அறையில் ஐந்து பேர். சுவரில் முருகன், பக்கத்தில் இந்த ஊர் மலைக்குகையில் தவமிருந்த ஒரு பெண் புனிதரின் படம், இரண்டு பேருக்கும் ஒரே ஊதுபத்தி. எனக்கு மெத்தை ஜன்னலுக்குக் கீழே போட்டிருந்தது. கேதீஸ் புதிதாக ஒரு போர்வையும் வாங்கி வைத்திருந்தான்.

தேவாலயம் அங்கிருந்து நடந்து கால் மணித்தியாலம். வியா மக்வேதாவில் நேரே போய், நாலு பக்கமும் சிலைகள் நிற்கிற சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். உள்ளே போகக் காசு இல்லை. தூண் வெளியே தெற்கு வாசல் முகப்பில், இடது ஓரத்தில் நிற்கிறது. எழுத்துகள் என் தலைக்கு மேலே, புறாக்கள் எச்சமிட்டிருந்தன. தடவிப் பார்க்கக் கை எட்டவில்லை. அதன் கீழே ஒரு கலியாணச் சோடி படம் எடுத்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, யாரும் சொல்லவுமில்லை.

அந்த முற்றத்தில் உட்கார்ந்து இருந்தபோது வாப்பா சொல்கிற கதை நினைவுக்கு வந்தது. அதை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

வாப்பா தையற்காரர். தொடக்ககாலச் சூஃபி ஒருவரின் கதையை மெஷினை மிதித்தபடி திரும்பத் திரும்பச் சொல்வார். பெயரைச் சொன்னதில்லை, எங்கள் வீட்டில் அவர் எப்போதும் ‘பல்கு ராசா’தான். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கே இருந்த பல்கு நாட்டின் அரசர். ஓர் இரவு அரண்மனைக் கூரையில் காலடிச் சத்தம். யாரடா என்றால், ஒட்டகம் தொலைந்துவிட்டது, தேடுகிறேன் என்கிறான் ஒருவன். கூரையில் ஒட்டகம் இருக்குமா என்று அரசர் கேட்கிறார். பட்டு மெத்தையில் இறைவன் இருப்பானா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அரசர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்படுகிறார். வழியில் கண்ட இடையனுக்குத் தன் உடுப்பைக் கொடுத்து அவன் உடுப்பை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மேற்கே சிரியாப் பக்கம் போய் கதிர் அறுக்கிறார், விறகு வெட்டுகிறார், பழத்தோட்டம் காவல் காக்கிறார். கிடைத்த கூலியில் தோழர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் நோன்பு இருக்கிறார். வயிற்றுக்குள் போகும் கவளம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சாப்பிடு, இரவெல்லாம் நின்று தொழுவதைவிட அது பெரிது என்பது அவருடைய போதனை. இன்னொன்றும் உண்டு. இருப்பதைப் பார்த்து மகிழ்வது, இழந்ததை நினைத்து வருந்துவது, புகழ்ச்சியைக் கேட்டுக் குளிர்வது. மனிதனுக்கும் இறைவனுக்கும் நடுவே தொங்கும் மூன்று திரைகள் இவை.

தோட்டக் காவலில் நடந்தது ஒன்று. சொந்தக்காரன் விருந்தாளிகளோடு வந்து, இனிப்பு மாதுளம்பழம் கொண்டு வா என்கிறான். இவர் கொண்டு வந்தது புளிக்கிறது. மறுபடி கொண்டு வருகிறார், அதுவும் புளிப்பு. இவ்வளவு காலம் தோட்டத்தில் இருக்கிறாய், எது இனிப்பு எது புளிப்பு என்று தெரியாதா என்று சொந்தக்காரன் கத்துகிறான். என்னைக் காவல் காக்கத்தானே வைத்தீர்கள், சாப்பிட இல்லையே என்கிறார் இவர். அந்தப் பதிலில் இவர் யாரென்று சொந்தக்காரனுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் கதையில் கோபம். முதலாளிமாருக்கு இதைவிட வசதியான கதை வேறு என்ன இருக்கிறது? பழத்தைத் தொடாத வேலைக்காரன்! அதோடு அவர் அரசர். வேண்டுமளவு தின்று முடித்துவிட்டு விட்டவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி துவக்கோடு வந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். வீடு, கடை, உம்மாவின் நகை, வாப்பாவின் மெஷின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். அரசர் விட்டால் துறவு. நாங்கள் விட்டபோது கிடைத்தது நிவாரண அட்டை. புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இருந்துகொண்டு வாப்பா மறுபடியும் மூன்று திரைகளைப் பற்றிச் சொன்ன அன்று அவரோடு பெரிய சண்டை போட்டேன். இழந்ததை நினைத்து வருந்தக்கூடாதாம்!

அந்த ஒக்டோபர் அன்று எங்கள் ஒழுங்கையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கேதீஸ் மட்டும் சைக்கிளோடு வந்தான். என் தங்கச்சியைக் கரியரில் ஏற்றி, அவங்கள் மறித்த இடம்வரை உருட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்பினான். எனக்கு அவன் கடமைப்பட்டவன் அல்ல, நான்தான் அவனுக்கு. ஐந்து வருடம் கழித்து அவனுடைய சனமும் ஊரை விட்டு வெளிக்கிட்டது. 96 தொடக்கத்தில் அவன் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தான்.

வெள்ளிக்கிழமை அவனோடு வேலைக்குப் போனேன். வியா மக்வேதா முடிந்து பொலிதேயாமா என்ற நாடகசாலை வரை இரண்டு கிலோமீற்றர், அங்கிருந்து லிபெர்த்தாத் தெருவில் இன்னும் ஒன்றரை. பொலிதேயாமா தாண்டினால் ஊரே மாறிவிடும். நடைபாதை அகலும், கடைக் கண்ணாடிகள் மினுங்கும், கிழவிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் எங்கள் நிறமாக இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவில் இத்தாலிய மொழியைவிடத் தமிழ்தான் அதிகம் கேட்டது. இந்த ஊரின் கிழடுகளுக்குக் கஞ்சி பருக்குவது யார் என்று அந்தத் தெருவில் யாரும் ஒளித்து வைக்கவில்லை. பேப்பரில் மட்டும்தான் நாங்கள் இல்லை.

பத்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்ட ஒரு பழைய வீடு. பின்னால் தோட்டம், எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பாதி இருக்கும். எலுமிச்சை, தோடை, ஒரு கிழட்டு அத்தி, மதிலோரம் மூன்று மாதுளை. கேதீஸ் ஒவ்வொரு மரமாகக் காட்டினான். இந்த அத்திக்கு இடப்பக்கக் கொப்பு பாரம் தாங்காது. ஆபிரிக்காவிலிருந்து சுடுகாற்று அடித்தால் நடு மாதுளையின் பிஞ்சு கொட்டும். அந்த எலுமிச்சைக்குப் பின்னேரம் தண்ணி விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மாதுளம்பழங்கள் ஒவ்வொன்றிலும் தோல் நிறத்தில் ஒரு துணி மாட்டியிருந்தது.

“இது என்னடா?”

“சிஞ்ஞோரான்ர கிழிஞ்ச ஸ்ரொக்கிங்ஸ். குருவி கொத்தாமல் இருக்க.”

“அவவுக்குத் தெரியுமோ?”

“அவதானே தந்தவ. எண்பத்து நாலு வயசிலை தன்ர காலுறையைப் போட்டுக்கொண்டு மரம் நிக்கிறதைப் பாத்து ஒரு கிழமை சிரிச்சவ.”

சிஞ்ஞோரா மாடி வராந்தாவில் கதிரையில் இருந்தா. கீழே இறங்கி இரண்டு வருடமாம், இடுப்பு முறிந்தது. பெண் துறவிகள் நடத்திய பள்ளியில் படித்த பிரெஞ்சு, என்னுடையதைவிட நூறு மடங்கு சுத்தம். பகல் முழுவதும் கேதீஸ். இரவுக்கு மொரீஷியஸ்காரப் பெண் ஒருவர் வருவா. பெயர் மீனாட்சி, தமிழில் ஒரு சொல் தெரியாது. சிஞ்ஞோராவுக்குப் பிள்ளைகள் இல்லை. இருக்கிற ஒரே உறவு தங்கையின் மகன், வக்கீல். காசு விஷயமெல்லாம் அவன் கையில். அவன் எழுதினால்தான் சிஞ்ஞோரா கையெழுத்து வைப்பா. சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

சனி, ஒக்டோபர் 31. இந்த நாளுக்கு ஒரு விசேஷம் உண்டு. நவம்பர் இரண்டாம் திகதி அங்கே இறந்தவர்களின் நாள். அதற்கு முதல் இரவு செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போவார்கள் என்று நம்புகிறார்கள். வாதுமை மாவில் செய்து சாயம் பூசிய பழ உருவங்கள், உலர்ந்த அத்தி, மாதுளம்பழம் எல்லாம் தட்டில் அடுக்குவார்கள். எங்கள் ஊரில் கேதீஸின் சனம் செத்தவர்களுக்குப் படைக்கும்; இங்கே செத்தவர்கள் படைக்கிறார்கள். பிள்ளை இல்லாத சிஞ்ஞோரா கணவரின் படத்துக்கு முன்னால் தட்டு வைக்கிறவ. அன்று வக்கீல் வந்து மேசையில் பேப்பரை விரித்ததும் அவ கேதீஸைக் கூப்பிட்டா. தட்டுக்கு மூன்று மாதுளம்பழம், இனிப்பு மரத்திலிருந்து.

கேதீஸ் இறங்கிப் போய், காலுறைகளைக் கழற்றி, இருப்பதிலேயே பெரியதும் சிவந்ததுமாக மூன்று கொண்டு வந்தான். துடைத்து மேசையில் வைத்தான். வக்கீல் ஒன்றைப் பெருவிரலால் பிளந்து நாலு மணியை வாயில் போட்டான். முகம் கோணியது. கைக்குட்டையில் துப்பினான்.

பிறகு அவன் கதைத்தது இத்தாலிய மொழி. கேதீஸ் பின்னர் குசினியில் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டரை வருடம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு எந்த மரம் இனிப்பு என்று தெரியாதா? நான் சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குவேன். இவன் இந்தக் கோடையில்தான் வந்திருப்பான், பெரியம்மாவுக்கு மாதக் கணக்கு நினைவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு நான் எழுத மாட்டேன். வேண்டுமானால் இந்த வருட ஜூனிலிருந்து என்று போடுகிறேன்.

ஜூன் என்றால் குப்பையில் போடலாம். மார்ச்சுக்கு முன் என்று இருந்தால்தான் அது பேப்பர். வக்கீல் பேனையை மூடிவிட்டான்.

கேதீஸ் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். நானும் பின்னால் போனேன்.

“மூண்டாவது காய்ப்பு இது. ஒரு பழம்கூடத் தின்னேல்லையோடா நீ?”

“இல்லை.”

“விழுந்தது?”

“விழுந்ததையும் பொறுக்கிக் கூடையிலை போட்டு மேலை குடுத்திடுவன்.”

“நீ என்ன பெரிய பல்கு ராசாவோ?”

சிரிப்பான் என்று நினைத்தேன். அவனும் அந்தக் கதையோடு வளர்ந்தவன், நோன்புக் கஞ்சிக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாப்பா பிடித்து வைத்துச் சொல்லுவார். அவன் பைப்பைத் திறந்து கையைக் கழுவினபடி நின்றான்.

“ராசாவுக்கு அல்லாவிலை பயம். எனக்கு ஆக்களிலை பயம்,” என்றான். “முதல் வேலை செய்த வீட்டிலை ரெண்டு மண்டரீன் தோடம்பழம் திண்டனான், மச்சான். பசிச்சுது. அவை மரத்திலை எத்தினை எண்டு எண்ணி வைச்சிருந்தவை. பின்னேரம் போ எண்டிட்டினம். அண்டையிலை இருந்து மரத்திலை இருக்கிறதைத் திங்கிற பழக்கம் இல்லை.”

“இதை அவவிட்டைச் சொல்லப்போறன்.”

“சொல்லாதை. வெக்கமாக் கிடக்கு. இஞ்சை வா, நிஸார்... டேய்!”

நான் போய்விட்டேன். இதற்காக, அன்று வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதிலிருந்து அடுத்த நாள் மத்தியானம்வரை அவன் என்னோடு கதைக்கவில்லை. அவனுடைய பக்கத்திலும் நியாயம் இருந்தது.

வராந்தாவில் சிஞ்ஞோரா அந்தப் பிளந்த பழத்தைப் பார்த்தபடி இருந்தா. நான் உட்காரவில்லை. பிரெஞ்சில் பல்கு ராசாவின் கதையைச் சொன்னேன். கூரை, ஒட்டகம், இடையனின் உடுப்பு, தோட்டம், புளித்த பழம். கோபத்தில் வேகமாகத்தான் சொன்னேன், ஆனால் அவ ஒரு சொல்லும் விடாமல் கேட்டா. உங்கள் தங்கை மகன் இதைப் பொய்யென்று நினைக்கிறார், எங்கள் ஊரில் இது ஒரு ஞானியின் அடையாளம் என்றேன். சொல்லி முடிக்கும்போதே வாய்க்குள் கசந்தது. வாப்பாவிடம் நான் எதிர்த்து நின்ற அதே கதையை, ஒரு முதலாளியம்மாவின் காதுக்கு இனிப்பாக ஓதிக்கொண்டிருந்தேன். ஆகவே மண்டரீன் விஷயத்தையும் சொன்னேன். ஞானமும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மா, பயம். எண்ணி வைக்கிறவர்கள் மேல் பயம்.

வக்கீலுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு விளங்கும் போலிருக்கிறது. “ஓ, இப்போது புனிதரா!” என்றான்.

சிஞ்ஞோரா அவனைப் பார்க்கவில்லை. “என் கணவரும் எலுமிச்சையை எண்ணுவார்,” என்றா. “நான்தான் கொப்பியில் குறித்து வைப்பேன்.” பிளந்த பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த அரசருக்குப் பிறகு என்ன நடந்தது? தோட்டக்காரன் யாரென்று தெரிந்ததும் சொந்தக்காரன் என்ன செய்தான்?” என்று கேட்டா.

“ஆட்களைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தான். அதற்குள் அவர் போய்விட்டார். பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் வரவே இல்லை.”

அவ குசினி வாசலில் நின்ற கேதீஸைத் திரும்பிப் பார்த்தா. இத்தாலிய மொழியில் அவனிடம் எதுவும் கேட்காமல், என்னிடம் பிரெஞ்சில் கேட்டா: “பேப்பர் கிடைத்தால் இவரும் போய்விடுவாரா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது கேதீஸ் மட்டுமில்லை. வக்கீலுக்கு ஒன்றுமில்லை, எழுதினால் காப்புறுதிப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த மனுசி கையெழுத்து வைக்காமல் இரண்டு கிழமை இழுத்தது வேறு காரணத்துக்காக.

“என்னவாம்?” என்றான் கேதீஸ். சொன்னேன்.

அவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். “நான் எங்கை போறது? ராசாவெண்டாப் போகலாம். போற வழியிலை ஆரும் மறிச்சு டொக்குமெந்தி, பேப்பர் எண்டு கேட்டிருக்க மாட்டாங்கள்.” பிறகு தானே அவவிடம் திரும்பி இத்தாலிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. அவ கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தா.

பிறகு அவவுடைய குரல் மாறிவிட்டது. மூன்று மரத்திலிருந்தும் ஒவ்வொரு பழம் கொண்டு வரச் சொன்னா. கேதீஸ் வராந்தாவில் நின்றபடி, வக்கீலுக்கு முன்னால், மூன்றையும் தின்ன வேண்டும் என்பது உத்தரவு. அவன் மெதுவாகத் தின்றான். முதலாவது புளிப்பு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் வாயை அசைப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். மதிலோரத்துக் கடைசி மரம், பழம் சின்னது, வெளிறியது, யாரும் திரும்பிப் பார்க்காத நிறம். “இதுதான்,” என்றான். சொல்லிவிட்டு மிச்சப் பாதியை எனக்கு நீட்டினான், பிறகு நினைவு வந்து கையை இழுத்து சிஞ்ஞோராவுக்குக் கொடுத்தான்.

“96 ஜூன் என்று எழுது,” என்றா அவ வக்கீலிடம்.

எழுதினான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் வேலை செய்கிறவனுக்கு நாலு மணித்தியாலம் என்று எழுதினான். நான் வாயைத் திறக்க, கேதீஸ் என் காலை மிதித்தான். சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கக் கால் நிமிடம் எடுத்தது.

நான் பிறகு பல்கு ராசாவைப் பற்றி நிறைய யோசித்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. அரசராக இருந்தவர் கூலிக்காரனின் வயிற்றையும் முதுகையும் தானே அனுபவித்துப் பார்த்தது சின்ன விஷயமில்லை. கூலியை மற்றவர்களுக்குப் பகிர்ந்ததும் சின்ன விஷயமில்லை. என் சண்டை கதையைச் சொல்கிறவர்களோடு. தோட்டக்காரன் அரசர் என்று தெரிந்த பிறகுதான் சொந்தக்காரன் ஆள் கூட்டிக்கொண்டு பார்க்க ஓடி வருகிறான். வெறும் தோட்டக்காரனாக இருந்திருந்தால்? வாப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், சண்டையில் நான் கேட்டதில்லை. புத்தளத்துக்கு எழுதியிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். நவம்பர் முதல் இரண்டு நாளும் கடைகள் அநேகமாகப் பூட்டு. சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வையுங்கள். கடலைமாவைக் களியாக்கி வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிறார்கள், 2000 லீரா, எங்கள் வடைக்கு உறவு மாதிரி இருக்கும், இறைச்சி இல்லை, ஒன்று தின்றால் மத்தியானம் பசிக்காது. தேவாலயத் தூணைக் காலை பத்துக்கு முன் பாருங்கள், எழுத்தில் வெயில் சாய்வாக விழும். மலைக்குகைக்கு ஏற ஒன்றரை மணித்தியாலம், தண்ணீர் கொண்டு போங்கள். வழியெல்லாம் எங்கள் சனம் வெறுங்காலோடு ஏறுவார்கள், நீங்கள் சப்பாத்தோடு ஏறுவதை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்கள் அறையில் தங்கினால் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போங்கள், இரவு வேலைக்காரர்கள் வந்து படுக்க இடம் வேண்டும். பேப்பர் அலுவலாகப் போகிறவர்கள் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கத்தையும் இரண்டு கொப்பி எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும்.

செவ்வாய், நவம்பர் 3. என் ரெயில் அன்று மாலை. காலை ஆறு மணிக்கு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நூறு பேருக்குக் குறையாது. தமிழர், மொரீஷியஸ்காரர், வங்காளிகள், கானாக்காரர். எல்லோரும் பிளாஸ்டிக் உறையில் ஒரு பேப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். கேதீஸ் ஞாயிறு மத்தியானமே என்னோடு சமாதானமாகிவிட்டான். இரண்டு தடவை உறைக்குள்ளிருந்து எடுத்து சிஞ்ஞோராவின் கையெழுத்தைப் பார்த்தான். பத்து மணிக்குச் சற்று முன்னர் உள்ளே போனான். வெளியே வரும்போது கையில் ஒரு துண்டு, படம் ஒட்டி முத்திரை குத்தியது. பெர்மெஸ்ஸோ வர மாதக்கணக்காகும், அதுவரை இதுதான்.

“மச்சான், இது இருந்தா மறிச்சாலும் பயமில்லை, என்ன?”

“பயமில்லை.”

“பெர்மெஸ்ஸோ வந்தா வேறை வேலை தேடலாம்?”

“தேடலாம். மிலானுக்குப் போகலாம். கிழவியையும் விட்டிட்டுப் போகலாம், ஆரும் கேக்கேலாது.”

“ஓம், போகலாம்,” என்றான். அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்க்கிறவன் போல இன்னொரு தடவை சொன்னான். “போகலாம்.”

பிறகு சந்தி மணிக்கூட்டைப் பார்த்தான். “ஐயோ, பத்தரைக்கு அவவுக்குக் குளிசை. நான் நிண்டு குடுக்காட்டி விழுங்கின மாதிரி நடிச்சுப்போட்டுக் கதிரைக்குக் கீழை ஒளிச்சு வைச்சிடுவா, கள்ளி.”

நடந்தால் முக்கால் மணித்தியாலம். எதிரே லிபெர்த்தா போகிற பஸ் நின்றது. இரண்டரை வருடமாக அவன் இந்த ஊரில் பஸ் ஏறியதில்லை. செக்கர் வந்தால் பெயர் கேட்பான் என்ற பயம். ஒரு கணம் தயங்கினான். பிறகு புகையிலைக் கடைக்குள் ஓடி ரிக்கற் வாங்கிக்கொண்டு, என்னிடம் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் பாய்ந்து ஏறினான். கதவு சாத்தியது. கண்ணாடிக்கு உள்ளே, ரிக்கற்றை எந்தப் பக்கமாக மெஷினுக்குள் விடுவது என்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.